ஐரோப்பிய ஆடலிசையும் அராபிய இசையும்

ஆடலும் இசையும் மக்களோடு தோன்றி, மக்களோடு வளர்ந்தவை. விளைபொருள் வீடு வந்து சேர்ந்த நாளிலும், மணவிழா நாளிலும், போரில் வெற்றி பெற்ற நாளிலும் மனிதன் ஆடியும் பாடியும் தன் மகிழ்ச்சியை வெளிப்படுத்தினான். இவ்வாறு ஒரு நாட்டில் பிறந்த இசை, அந்நாட்டின் எல்லைக்குள்ளேயே அடங்கி நிற்பதில்லை. வணிகர் சென்ற வழியில் அதுவும் சென்றது. படைஞர் சென்ற வழியில் அதுவும் சென்றது. சிறைப்பட்டு இழுத்துச் செல்லப்பட்டவர்களோடும் அது சென்றது. வாளேந்தி ஒருவரோடொருவர் பொருத இனத்தார், அமைதி நிலவிய காலத்தில் ஒருவர் இசைக்கருவியை மற்றவர் விரும்பி வாங்கிப் பயின்றனர். இவ்வுண்மையை இடைக்கால ஐரோப்பாவின் ஆடலிசை வரலாறு நன்கு விளக்குகின்றது. அவ்விசை அராபியரிடமிருந்து எவ்வளவு பெற்றது என்னும் வினாவைப் பற்றி அறிஞர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக வழக்காடி வருகின்றனர். எல்லாம் அராபியர் தந்தவையே என்பார் ஒரு சாரார். ஒன்றும் பெறவில்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டிற்கும் இடையே உண்மை யாண்டுள்ளது என்பதைச் சான்றுகளைக் கொண்டே துணிதல் வேண்டும்.

முதற்கண் அவ்வாடலிசை எத்தகையது என்பதை அறிதல் நலம். இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயங்களில் பாடப்பெற்ற இசையைத் துறவியர் ஏடுகளில் பேணி எழுதி வைத்தனர். ஊர்ப் பொதுவிடங்களிலும் அரண்மனைக் கூடங்களிலும் ஆடுவோர்க்கு இசைத்த பாணர்களோ, தம் கலையைக் காதால் கேட்டுக் கையால் பயின்றவர்கள். ஆகவே ஆயிரக்கணக்கில் இசைக்கப்பெற்ற ஆடலிசையுள் இன்று எஞ்சி நிற்பவை மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது 'எஸ்தம்பி' என்பது. இத்தாலியர் இதனை 'இஸ்தம்பித்தா' என்பர். இது பல பகுதிகளை உடையது. ஒவ்வொரு பகுதியும் இருமுறை இசைக்கப்பெறும். முதல்முறை அதன் இறுதி நிறைவு பெறாமல், மேலும் ஏதோ வரவேண்டும் என்னும் எதிர்பார்ப்பை எழுப்பி நிற்கும். மறுமுறை அப்பகுதியே நிறைவான முடிவோடு அமையும். கி.பி. 1300ஐ ஒட்டிப் பாரிஸ் நகரில் வாழ்ந்த கிரோக்கியோ என்னும் இசைநூலாசிரியர், இவ்விசை கடினமானதாதலின் இளைஞர் உள்ளத்தைத் தீய எண்ணங்களினின்று விலக்கும் என்று எழுதியுள்ளார்.

எஸ்தம்பிகள் சில பாரிஸ் நூலகத்தில் உள்ள ஒரு பழைய ஏட்டில் காணப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற பாடல் தொகுதி ஒன்றன் வெற்றிடங்களில், பின்னாளில் வேறொருவர் இவற்றைச் சேர்த்து எழுதினார். ஏட்டில் வெற்றிடம் இல்லாதிருந்தால் இவையும் மறைந்தே போயிருக்கும். ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் இத்தாலியில் எழுதப்பெற்று, இப்பொழுது லண்டன் மாநகரில் உள்ள மற்றோர் ஏட்டில் பதினைந்து ஆடலிசைகள் உள்ளன. அவற்றுள் எட்டு இஸ்தம்பித்தா. நான்கு, துள்ளி ஆடுதற்குரிய 'சால்தரெல்லோ'.

இனி, அராபியர் ஐரோப்பாவில் கால்கொண்ட வரலாற்றைக் காண்போம். 711ஆம் ஆண்டில் முஸ்லிம் படை வட ஆப்பிரிக்காவினின்று கடலைக் கடந்து ஸ்பெயின் நாட்டில் இறங்கியது. சில ஆண்டுகளில் அந்நாட்டின் பெரும்பகுதி அவர்கள் ஆட்சிக்கு உட்பட்டது. அவர்கள் அதனை 'அல்-அந்தலுஸ்' என்று அழைத்தனர். 1492ஆம் ஆண்டில் கிரானடா நகரம் வீழும்வரை, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அவர்கள் ஆட்சி அங்கே ஏதேனும் ஒரு பகுதியில் நிலைத்திருந்தது. கார்தோபா நகரம் கல்விக்கும் கலைக்கும் தாயகமாக விளங்கியது. 822ஆம் ஆண்டில் பாக்தாத் மரபில் பயின்ற சிர்யாப் என்னும் இசைப்பேரறிஞர் அந்நகர்க்கு வந்து சேர்ந்தார். மன்னர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவரை எதிர்கொண்டு போற்றினார். நான்கு நரம்புகளை உடைய 'ஊது' என்னும் கருவியில் அவர் ஐந்தாம் நரம்பு ஒன்றைச் சேர்த்தார் என்றும், கழுகின் இறகுகொண்டு அதனை மீட்டினார் என்றும், இசைப்பள்ளி ஒன்றை நிறுவினார் என்றும் பிற்கால அராபிய வரலாற்று நூல் கூறும்.

இவ்வாறு அண்டை அயலாக வாழ்ந்த இரு சமூகத்தாருள் ஒருவர் இசை மற்றவர்க்குச் சென்றது என்பதற்குச் சான்று யாது? முதற் சான்று கருவிகளும் அவற்றின் பெயர்களுமே. அராபிய மொழியில் 'அல்-ஊது' என்றால் மரம் என்பது பொருள். அச்சொல்லே போர்த்துகீசிய மொழியில் 'அலாவுதே' என்றும், ஸ்பானிய மொழியில் 'லாவுத்' என்றும், ஆங்கிலத்தில் 'லூட்' என்றும் திரிந்து வழங்குகின்றது. 'ரபாப்' என்னும் கருவி ஐரோப்பாவில் 'ரெபெக்' ஆயிற்று. 'அல்-துப்' என்னும் கைப்பறை போர்த்துகல் நாட்டில் 'அதுபே' ஆயிற்று. 'அல்-நபீர்' என்னும் நீண்ட ஊதுகொம்பு ஸ்பெயினில் 'அன்யாபில்' ஆயிற்று. 'நக்காரா' என்னும் இரட்டை முரசு பிரெஞ்சு மொழியில் 'நக்கேர்' எனவும், ஆங்கிலத்தில் 'நேக்கர்' எனவும் பெயர் பெற்றது. ஐரோப்பியர் அதனைச் சிறிய அளவில் அமைத்து, இடுப்பில் கட்டிக்கொண்டு இரு கோல்களால் முழக்கினர். ஒரு பொருள் தன் பெயரோடு வேற்று நாட்டிற்குச் செல்லுமாயின், அது எங்கிருந்து வந்தது என்பதை அப்பெயரே பறைசாற்றும் அன்றோ?

பெயரைக் காட்டிலும் ஆழமான மாறுதலை உண்டாக்கியது வில்லின் வருகை. நரம்பை விரலாலும் இறகாலும் மீட்டுதலைப் பண்டை ஐரோப்பியர் அறிவர். வில்லால் இழைத்து ஒலியை நீட்டுதலை அறியார். அக்கலை நடு ஆசியாவில் தோன்றியது என்பர். 950ஆம் ஆண்டில் மறைந்த அல்-பாராபி என்னும் பேரறிஞர் தம் இசைப்பெருநூலில் ரபாபைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். ஐரோப்பாவில் வில்லேந்திய இசைவாணரைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்கள் 10ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் தீட்டப்பெற்றவை. அராபியர் நாடுகளின் வழியாகவும் பைசாந்தியப் பேரரசின் வழியாகவும் வில் ஐரோப்பாவிற்குள் நுழைந்தது. பின்னர் எஸ்தம்பியை இசைப்பதற்குச் சிறந்த கருவியாக விளங்கிய 'வியெல்' வில்லால் இழைக்கப்படுவதே. எல்லா வகை இசையையும் இசைக்கவல்லது அது என்று கிரோக்கியோ அதனைப் புகழ்கின்றார். ஆதலின் ஆடுவோர் காதில் விழுந்த ஒலியே கிழக்கினின்று வந்த ஒரு கலையால் உருப்பெற்றது எனலாம்.

கருவி தானே நடந்து செல்வதில்லை. அதனை இசைக்கும் கை உடன் செல்லுதல் வேண்டும். எனவே இரண்டாம் சான்று, எல்லையைக் கடந்து சென்ற மாந்தர். 1064ஆம் ஆண்டில் ஸ்பெயினின் வடக்கே பர்பாஸ்த்ரோ என்னும் நகரைக் கிறித்தவப் படை கைப்பற்றியது. பிரான்சு நாட்டு அக்குவித்தேன் பகுதியின் கோமகன் எட்டாம் வில்லியம் அப்படையில் இருந்தார். அந்நகரில் சிறைப்பட்டோருள் பாடும் பெண்டிரும் இருந்தனர். அக்கோமகனின் மகன் ஒன்பதாம் வில்லியமே, 'துருபதூர்' எனப்படும் தென்பிரெஞ்சுப் பாவாணருள் பாடல் கிடைத்துள்ள முதல் புலவர். அப்பெண்டிரின் பாடல் அவர் செவியில் விழுந்தது என்று உறுதிகூறச் சான்று இல்லை. எனினும் விழுவதற்குரிய வாய்ப்பு இருந்தது என்பதை எவரும் மறுத்தற்கியலாது.

சிசிலித் தீவிலும் இதனை ஒத்த நிலையே இருந்தது. அங்கே நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜர் 12ஆம் நூற்றாண்டில் பலெர்மோ நகரில் எழுப்பிய அரண்மனைத் தேவாலயத்தின் மேற்கூரையில், ஊதை மீட்டுவோரும் ஆடுவோரும் அராபியப் பாணியில் தீட்டப்பெற்றுள்ளனர். கிறித்தவ மன்னன் இறைவனை வழிபட்ட இடத்தில் முஸ்லிம்களின் அரண்மனைக் கலை இடம்பெற்றது வியப்பிற்குரியது. ரோஜரின் மகள்வழிப் பெயரராகிய பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அவைக்கு, 1241ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னரின் தம்பி ரிச்சர்டு விருந்தினராகச் சென்றார். அங்கே சாரசனியப் பெண்கள் இருவர் உருண்டோடும் பந்துகளின் மேல் நின்று, இசைக்கேற்ப ஆடினர். மாத்யூ பாரிஸ் என்னும் ஆங்கிலேயத் துறவி இச்செய்தியைத் தம் வரலாற்று நூலில் எழுதியதோடு, அதற்கு ஓவியமும் வரைந்துள்ளார். எட்டாண்டுகள் கழித்து, 1249ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுத் தமியெத்தாக் கடற்கரையில் பிரெஞ்சுச் சிலுவைப்படை இறங்கியபொழுது, எதிரிகளின் நக்காரா முழக்கம் கேட்போர்க்கு அச்சம் விளைத்தது என்று ஜுவான்வீல் என்னும் வீரர் எழுதியுள்ளார். ஓரிடத்தில் ஆடலாகவும் மற்றோரிடத்தில் போர்முழக்கமாகவும் அராபிய இசை ஐரோப்பியர் செவியை எட்டியது.

எனினும் இரு மரபும் மிக நெருங்கி நின்ற இடம் ஸ்பெயினே. 1252 முதல் 1284 வரை காஸ்தீல் நாட்டை ஆண்ட பத்தாம் அல்போன்சோ, கன்னி மரியாள் மீது பாடப்பெற்ற நானூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைத் தொகுப்பித்தார். அத்தொகுதியின் ஏடு ஒன்றில் இசைவாணர்களைக் காட்டும் நாற்பது ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் மூர் இனத்தார் ஒருவரும் கிறித்தவர் ஒருவரும் கருவியேந்தி அருகருகே அமர்ந்து இசைக்கின்றனர். அம்மன்னரின் மகன் நான்காம் சாஞ்சோவின் அரண்மனைக் கணக்கு 1293ஆம் ஆண்டிற்குரியது கிடைத்துள்ளது. அதன்படி, ஊதியம் பெற்ற இசைவாணருள் ஏறத்தாழப் பாதியினர் முஸ்லிம்கள், அவர்களுள் பெண்டிரும் இருந்தனர், யூதரும் இருந்தார். ஓவியன் கற்பனையாக வரைந்தான் என்று கூறுவாரும், காசு எண்ணிக் கொடுத்த கணக்கனின் ஏட்டை ஐயுறுதல் அரிது.

சில வேளைகளில் ஒன்றைத் தடுக்கும் ஆணையே அஃது இருந்தமைக்குச் சான்றாகிவிடும். 1322ஆம் ஆண்டில் வல்லதோலித் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, தேவாலயங்களில் நடைபெறும் இரவு வழிபாடுகளுக்கு மூர் இசைவாணரை அழைத்தல் கூடாது என்று விதித்தது. அழைக்கும் வழக்கம் இல்லாதிருந்தால் இவ்விதி பிறந்திராது. அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த குவான் ரூயிஸ் என்னும் கிறித்தவக் குருவானவர், யூதப் பெண்களுக்காகவும் மூர்ப் பெண்களுக்காகவும் ஆடற்பாடல்கள் பல இயற்றியதாகத் தம் நூலில் குறித்துள்ளார். எக்கருவிகள் அராபியப் பாட்டிற்குப் பொருந்தா என்பதையும் அவர் வரிசைப்படுத்துகின்றார். இரு மரபின் ஒற்றுமையை மட்டுமன்றி வேற்றுமையையும் உணர்ந்த செவி அவருடையது.

மூன்றாம் சான்று இசையின் அமைப்பே ஆகும். இங்கேதான் வழக்குக் கடினமாகின்றது. அல்-அந்தலுஸில் 'சஜல்' என்னும் பாடல்வகை வழங்கியது. 1160ஆம் ஆண்டில் மறைந்த இப்னு குஸ்மான் அதில் பெயர் பெற்றவர். சஜலில் பல்லவி போன்ற பகுதி ஒன்று முதலில் வரும். பின்னர் வரும் அடிகள் தமக்கென வேறோர் எதுகை பெற்றிருக்கும். இறுதியடி மீண்டும் பல்லவியின் எதுகைக்குத் திரும்பும். தலைவன் பாட, வட்டமாக நின்று ஆடுவோர் பல்லவியைத் திருப்பிப் பாடுதற்கு இவ்வமைப்பு மிகப் பொருந்தும். அல்போன்சோவின் பாடல்களுள் பெரும்பாலானவையும், பிரெஞ்சு நாட்டு 'விர்லே'யும், ஆடலால் பெயர்பெற்ற இத்தாலியப் 'பல்லாத்தா'வும் இதனோடு ஒத்த அமைப்புடையவை. அவற்றுள் அல்போன்சோவின் பாடல்கள் சிலவற்றின் தாளம் ஐரோப்பியத் தாள விதிகளுக்கு அடங்காமல், அராபியத் தாள இலக்கணத்திற்குப் பொருந்துகின்றது என்று போர்த்துகல் நாட்டு ஆய்வாளர் மனுவேல் பெத்ரோ பெரைரா விளக்கியுள்ளார். லண்டன் ஏட்டின் நீண்ட இஸ்தம்பித்தாக்களிலும், பகுதிகள் புதிதாகத் தொடங்கிப் பின் பொதுவான பகுதி ஒன்றற்குத் திரும்பும் இயல்பு உண்டு. துருக்கிய 'பெஷ்ரவ்' என்னும் கருவியிசையும் அராபிய 'பஷ்ரப்' என்பதும் இவ்வாறே திரும்பித் திரும்பி வரும் பகுதியைக் கொண்டவை.

எனினும் ஒத்திருத்தல் வேறு; ஒன்றிலிருந்து மற்றொன்று பிறத்தல் வேறு. ஆடுவோர் உள்ள நாடெல்லாம் பல்லவி தோன்றுதல் இயல்பே. மேலும், அக்கால அராபிய இசைவாணர் தம் கலையைக் காதுவழிச் செல்வமாகவே காத்தனர். 13ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த ஸபியுத்தீன் அல்-உர்மவி போன்றோர் இசையை எழுதிக் காட்டினர். ஆயினும் அவ்வாறு எழுதப்பெற்றவை மிகச் சிலவே. பெஷ்ரவ் இசையின் பெருந்தொகுதிகளோ 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பெற்றன. லண்டன் ஏட்டிற்கும் அவற்றிற்கும் இடையே இருநூற்றைம்பது ஆண்டுகள் உள்ளன. இவ்விடைவெளியைக் கற்பனையால் நிரப்புதல் ஆராய்ச்சி ஆகாது.

ஆயினும் நிரப்பியவர்கள் இருந்தனர். ஸ்பெயின் நாட்டு அறிஞர் ஹூலியான் ரிபெரா, 1922ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அல்போன்சோவின் பாடல் மெட்டுகள் அராபியரிடமிருந்தே வந்தவை என்று வாதிட்டார். 1930ஆம் ஆண்டில் ஹென்றி ஜார்ஜ் பார்மர் என்னும் ஆங்கில மொழி அறிஞர், அராபியத் தாக்கத்திற்குரிய சான்றுகளைத் திரட்டி நூலொன்று வெளியிட்டார். இவர்களால் மறக்கப்பட்டிருந்த உண்மைகள் பல வெளிவந்தன. அதே வேளையில் சான்றுக்கு மீறிய துணிபுகளும் கலந்தன. பெயரொற்றுமையை மட்டும் நம்புதல் எவ்வளவு தவறு என்பதற்கு ஆங்கிலேயரின் 'மோரிஸ்' ஆடலே சான்று. மூர் இனத்தாரின் பெயரால் அமைந்த அவ்வாடலுக்கு, 1448ஆம் ஆண்டில் லண்டன் பொற்கொல்லர் குழுவினர் ஏழு ஷில்லிங் கொடுத்த கணக்கு உள்ளது. ஆடுவோர் காலில் சலங்கை கட்டி ஆடினர். எனினும் அஃது அயல்நாட்டு ஆடல்போல் தோன்ற வேண்டும் என்று ஐரோப்பியர் தாமே புனைந்ததாகலாம். மூர்களிடம் கற்றது என்பதற்கு அப்பெயர் ஒன்று மட்டும் போதாது.

இக்காலத்தார் எச்சரிக்கையாக இருத்தற்குரிய இடம் மற்றொன்றும் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் இடைக்கால இசையை மீண்டும் இசைத்துக் காட்டும் குழுக்கள் தோன்றின. 1960ஐ ஒட்டித் தாமஸ் பிங்க்லி என்பார் மியூனிக் நகரில் அமைத்த குழு, வட ஆப்பிரிக்காவில் இன்றும் வாழும் அந்தலுஸிய இசையைக் கேட்டு, அம்முறையைத் தழுவி எஸ்தம்பி முதலியவற்றை இசைத்தது. ஊதும் பறையும் கலந்த அவ்விசை கேட்போர் உள்ளத்தைக் கவர்ந்தது. பிறரும் அவ்வழியைப் பின்பற்றினர். ஆனால் பழைய ஏடுகளில் உள்ளது ஒற்றை இழையாகச் செல்லும் மெட்டு மட்டுமே. எக்கருவி இசைத்தது, பறை எவ்வாறு முழங்கியது என்பன அங்கே எழுதப்பெறவில்லை. ஆகவே அவ்விசைத்தட்டுகளைக் கேட்டு, "இது முற்றிலும் அராபிய இசையே" என்று துணிதல், இக்கால இசைவாணர் சேர்த்த சுவையைப் பழைய ஏட்டின் சுவையாகக் கொள்வதாகும்.

சான்றுகளை ஒருசேர நிறுத்துப் பார்க்கின், தீர்ப்பு இதுவாகும்: கருவிகளை ஐரோப்பியர் அராபியரிடமிருந்து பெற்றனர் என்பது உறுதி. இருபாலாரும் ஒரே அவையில் இசைத்தனர் என்பதும் உறுதி. பாடலமைப்பிலும் தாளத்திலும் கலப்பு நிகழ்ந்தது என்பது ஏற்கத்தக்கது. இன்ன எஸ்தம்பி இன்ன அராபிய மெட்டினின்று பிறந்தது என்பதற்கோ சான்று கிடைத்திலது. பெற்றவர்கள் பெற்றதை அவ்வாறே வைத்துக்கொள்ளவுமில்லை. அராபிய ஊதைப்போல இறகினால் மீட்டி வந்த லூட்டை, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் விரல்களால் மீட்டத் தொடங்கினர். அதனால் ஒரே வேளையில் பல இசையிழைகளை ஒருவரே எழுப்ப முடிந்தது. அஃது ஐரோப்பிய இசைக்கே உரிய வளர்ச்சியாயிற்று. அராபியரும் தம் இசை இலக்கணத்தை வகுத்தபொழுது கிரேக்க நூல்களைக் கற்றே வகுத்தனர். கொடுத்தவரும் முன்பு பெற்றவரே.

இப்பயணம் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. நக்காரா கிழக்கு நோக்கியும் சென்றது. தமிழ்நாட்டில் அது 'நகரா' என்னும் பெயரோடு திருக்கோயில்களில் முழங்குகின்றது. ஐரோப்பாவை அடைந்த வில், பல வடிவம் பெற்று, இறுதியில் வயலினின் துணையாயிற்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அவ்வயலினைப் பயின்று, கருநாடக இசைக்கு இணக்கினார். இன்று அஃது இல்லாத இசையரங்கம் அரிது. அதனை வேற்று நாட்டுக் கருவி என்று கருதுவாரும் இலர். பாட்டைப் பெற்றோர் அதற்குத் தம் உயிர்ப்பை ஊட்டித் தமதாக்கிக் கொள்கின்றனர். அவ்வாறு ஆக்கிக்கொண்ட பின்னும், தந்தவர் யார் என்பதை நன்றியோடு நினைவுகூர்தலே பண்பாடு. மிகையாகவும் கூறாமல், மறைக்கவும் செய்யாமல், உள்ளதை உள்ளவாறு எடுத்துரைத்தலே அந்நன்றிக்குரிய முறையாகும்.